பாம்ரெஸ்ட் விஷயமாக

ஜூன் 9

சின்னு,

கடவுள் அருளால் இங்கே எல்லோரும் நலம். அங்கேயும் அப்படியே இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் உன் பெயரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நீ இந்த வீட்டை விட்டுப் போனதிலிருந்து ஒரு நாளும் விட்டதில்லை.

போனை எடுத்துப் பேசாமல் இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ "அக்கா" என்பாய், நான் அழுவேன், பிறகு நீ அழுவாய், வைத்துவிடுவோம். சொல்ல வந்தது சொல்லாமலே போய்விடும். அதோடு என் வீட்டுக்காரர் கண்ணாடி துடைக்கிற சாக்கில் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார். அண்ணன் தம்பி பேசவில்லை என்றால் ஓரகத்திகளும் பேசக்கூடாது என்று அவர் சொன்னதில்லை. ஆனால் காது நீண்டுவிடும். அதனால்தான் உன் ஆபீஸ் விலாசத்துக்கு எழுதுகிறேன்.

விஷயம், நீ எனக்குக் கொடுத்த லேப்டாப். அன்றைய சண்டையில் தம்பி கோபத்தோடு அதன் மூடியைப் படாரென்று அடித்தார். கணக்குப் போட நான் வைத்திருந்த பென்சில் துண்டு உள்ளே கிடந்தது. பென்சில் வைத்தவள் மேல் தப்பா, அடித்தவர் மேல் தப்பா என்று இந்த வீட்டில் இன்னும் தீர்ப்பாகவில்லை. இடது பக்கக் கீல் திருகோடு பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. கீபோர்டைச் சுற்றி, மணிக்கட்டு வைக்கிற இடம் வரைக்கும் ஒரே தகடாக இருக்கிறதே, அதில் மூலையிலிருந்து டச்பேட் வரை விரிசல். ஸ்க்ரீன் தானாக நிற்பதில்லை, மாவு டப்பாவில் சாய்த்து வைத்துப் படிக்கிறேன். டச்பேட் அதற்கு மனம் வந்தால் வேலை செய்யும்.

கடைத்தெரு ரிப்பேர்காரரிடம் கொண்டுபோனேன். "இதுக்குப் பேரு பாம்ரெஸ்டும்மா. இது போனா அவ்வளவுதான். புதுசு வாங்கிக்குங்க" என்றார். டீ டம்ளரைக் கீழே வைக்காமலே சொன்னார்.

நீ பதிவு செய்து கொடுத்த கணக்கர் பரீட்சை ஆகஸ்ட் இருபத்தைந்தாம் தேதி. வீட்டிலிருந்தே எழுதுவது. கேமராவில் என் முகம் முழுக்கத் தெரிந்துகொண்டே இருக்க வேண்டுமாம், ஸ்க்ரீன் சரிந்தால் பரீட்சை ரத்தாம். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் நான். என் பெயர் போட்டு ஒரு சான்றிதழ் வருமென்றால் அது இது ஒன்றுதான். என் வீட்டுக்காரருக்கு இது எதுவும் தெரியாது. உனக்கு அந்த ஊர் லேப்டாப் கம்பெனியில் பார்ட்ஸ் பிரிவில் பெரிய வேலை கிடைத்ததற்கு, "பொண்டாட்டி வேலைக்காக ஊர் மாறுறானாம்" என்று தம்பியிடம் கத்தியவர். நான் எந்த வாயால் சொல்வேன்?

பொருந்துகிற பாம்ரெஸ்ட் ஒன்று கிடைக்குமா, பார். தையல் டேப்பால் அளவு எடுத்து வைத்திருக்கிறேன். நீளம் பதினான்கு அங்குலம். அகலம் ஒன்பதரைக்கு நூலளவு குறைவு. நிறம் வெள்ளி.

உன் அக்கா


ஜூன் 17

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். வேலை அதிகம்.

பாம்ரெஸ்டை அளவு பார்த்து எடுக்க முடியாது. ஒரே மாடலில் பல விதம் வரும். வெளியே பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும், உள்ளே திருகுத் துளை வேறு, கேபிள் போகிற வழி வேறு. லேப்டாப்பைக் கவிழ்த்துப் பாருங்கள், அடியில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். மாடல் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் எண்ணை ஓர் எழுத்து விடாமல் எழுதி அனுப்புங்கள்.

சிரமமாக இருந்தால் விட்டுவிடுங்கள். புது லேப்டாப்பே அனுப்பிவிடுகிறேன். உடைந்ததோடு ஏன் மல்லுக்கட்டுகிறீர்கள்?

தையல் டேப் என்று படித்ததும் ஆபீஸிலேயே சத்தமாகச் சிரித்துவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் என்னவோ போலிருந்தது. அதனால் இதோடு நிறுத்துகிறேன்.

சின்னு


ஜூன் 23

சின்னு,

புதுசு அனுப்புகிறேன் என்று ஒரே வரியில் எழுதிவிட்டாய். படித்துவிட்டு அன்றைக்கு யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. இதே லேப்டாப்பில்தான் நீ என் விரலைப் பிடித்து, "அக்கா, மூட்டைப்பூச்சி நசுக்குற மாதிரி அழுத்தாதீங்க, சும்மா தொட்டாப் போதும்" என்று டச்பேட்டில் நகர்த்தினாய். புதுசுக்கு அதெல்லாம் என்ன தெரியும்? எனக்கு இதுதான் வேண்டும்.

அடிச்சீட்டு விஷயத்தில் ஒரு சங்கடம். நீ கொடுத்த அன்றைக்கே, கீழே விழாமல் காப்பாற்றட்டும் என்று அடியில் ஒரு சாமி படம் ஒட்டினேன். அது அந்தச் சீட்டின் மேலேயே ஒட்டியிருக்கிறது. அதைப் பிய்க்க எனக்குக் கை வரவில்லை. ஆனால் பரணில் லேப்டாப் அட்டைப்பெட்டியைப் பத்திரமாக வைத்திருந்தேன். அதிலிருந்த எண்ணைப் பூதக்கண்ணாடி வைத்து எழுதியிருக்கிறேன். பெட்டிக்கு மேல் போட்டதுதானே உள்ளேயும் இருக்கும்.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? "வேலை அதிகம்" என்று நீ எழுதினால் மதியச் சாப்பாடு சாயங்காலத்துக்குப் போய்விட்டது என்று அர்த்தம்.

அக்கா


ஜூலை 4

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் எழுதிய எண்ணை வைத்துத் தேடி எடுத்த பாம்ரெஸ்ட் இந்தப் பார்சலில் இருக்கிறது. கீபோர்டு அதிலேயே பதிந்து வரும். மேலே ஒட்டியிருக்கும் ஃபிலிமை உரித்துவிடாதீர்கள், உரித்தால் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முதலில் பழையதன் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். பவர் பட்டன் எங்கே, எண்டர் பட்டனின் வடிவம் என்ன, டச்பேட் நடுவிலா, ஓரத்திலா. எல்லாம் ஒத்துப்போனால் மாட்டுகிற முறையை எழுதுகிறேன்.

உங்கள் வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.

மதியச் சாப்பாடு சாயங்காலம்தான். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

சின்னு


ஜூலை 11

சின்னு,

பொருந்தவில்லை.

நீ சொன்னபடி ஃபிலிமை உரிக்காமல் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நிறம் அச்சு அசல். மற்றதெல்லாம் அடுத்த வீட்டுக்காரியின் ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்த மாதிரி. நம்முடையதில் பவர் பட்டன் கீபோர்டின் மூலையில் மற்ற பட்டன்களோடு பட்டனாக இருக்கிறது, இதில் தனியாக மேலே வட்டமாக இருக்கிறது. எண்டர் பட்டன் இதில் இரண்டு வரிசைக்கு நெட்டையாக நிற்கிறது. கீல் உட்காருகிற இடத்தில் திருகுத் துளை தள்ளிப் போயிருக்கிறது.

திருப்பி அனுப்பியிருக்கிறேன். உன் நேரத்தையும் வீணடித்தேன். போகட்டும், விடு. இந்தப் பரீட்சை அடுத்த வருஷமும் வரும். ஆண்டவன் வேண்டாம் என்கிறானோ என்னவோ. மாவு டப்பாவும் நானுமாக இப்படியே படித்துக்கொண்டிருக்கிறோம்.

மனசில் இருப்பதையும் எழுதிவிடுகிறேன். அன்றைக்கு வண்டியில் பெட்டிகளை ஏற்றிவிட்டு, "போயிட்டு வரேன்க்கா" என்று ஒரு வார்த்தை சொல்லாமல் போனாய். சண்டை போட்டது அவர்கள் இரண்டு பேரும். நானும் நீயுமா போட்டோம்?

அக்கா


ஜூலை 18

அக்கா,

அடுத்த வருஷம் என்று இன்னொரு முறை எழுதினால் எனக்குக் கெட்ட கோபம் வரும். சமையல் முடித்து, பாத்திரம் கழுவி, எல்லோரும் படுத்த பிறகு உட்கார்ந்து படித்தவர் நீங்கள். ஆண்டவன் வேண்டாம் என்கிறான் என்று அவர்மேல் பழி போடாதீர்கள், அட்டைப்பெட்டிமேல் போடுங்கள். அது உங்கள் லேப்டாப்பின் பெட்டியே இல்லை. அந்த வீட்டில் இருந்தபோது எனக்குப் பழைய ஆபீஸில் கொடுத்த லேப்டாப் வந்த பெட்டி. பழைய பெட்டியை நான் தூக்கிப் போட்டேன். இதைப் பார்த்து "கெட்டியா இருக்கு, எதுக்காவது ஆகும்" என்று பரணில் ஏற்றியது யார்? எனக்கும் அப்போது ஞாபகம் வரவில்லை.

எனக்கு அடிச்சீட்டு எண்தான் வேண்டும். சாமியைக் கிழிக்க வேண்டாம், கொஞ்சம் இடம் மாறி உட்காரச் சொல்லுங்கள். எவர்சில்வர் டம்ளரில் வெந்நீர் ஊற்றி, அடியை நன்றாகத் துடைத்துவிட்டு, படத்தின்மேல் சற்று நேரம் வையுங்கள். பசை இளகும். ஓரத்திலிருந்து மெதுவாகத் தூக்கினால் முழுசாக வரும். லேப்டாப்பை அணைத்துவிட்டுச் செய்யுங்கள், தண்ணீர் சிந்தக்கூடாது.

சொல்லிக்கொள்ளாமல் போனேன் என்கிறீர்கள். நான் வாசலில் நின்றுகொண்டே இருந்தேன். இவர் வண்டியில் ஏறிய பிறகும் நின்றேன். நீங்கள் உள்ளேதான் இருந்தீர்கள், வெளியே வரவில்லை. என் வேலையால்தான் எல்லாம் என்று நீங்களும் நினைக்கிறீர்கள் போல என்று எடுத்துக்கொண்டேன். இத்தனை மாதமும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

சின்னு


ஜூலை 25

என் கண்ணு,

முதலில் எண்ணை எழுதிவிடுகிறேன், அப்புறம் கை ஓடுமோ ஓடாதோ. தனித்தாளில் பெரிய எழுத்தில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். பூஜ்யம் எது, ஓ எழுத்து எது என்று பக்கத்திலேயே குறித்திருக்கிறேன். படம் முழுசாக வந்துவிட்டது. ஒரு மூலைகூட மடங்கவில்லை. மன்னிப்பு கேட்டுக்கொண்டுதான் டம்ளரை வைத்தேன்.

அன்றைக்கு நான் ஏன் வரவில்லை என்றால், லேப்டாப்பிலிருந்து தெறித்த திருகுகளைத் தரையில் உட்கார்ந்து பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஒன்று பீரோவுக்கு அடியில் போய்விட்டது. அதை எடுத்துவிட்டு வாசலுக்குப் போகலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பீரோவுக்கு அடியில் குனிந்தவளுக்கு நிமிரத் தைரியம் வரவில்லை. நிமிர்ந்தால் வாசல் தெரியும். வண்டிச் சத்தம் கேட்ட பிறகுதான் எழுந்தேன். அது தெரு முனை திரும்பிவிட்டது.

உன் வேலையால் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. உனக்கு அந்த வேலை கிடைத்த செய்தி வந்தபோது சாமி விளக்கில் முதலில் நெய் ஊற்றியவள் நான்தான். அதை உன்னிடம் சொல்வதற்குள் சண்டை வந்துவிட்டது.

அக்கா


ஆகஸ்ட் 4

அக்கா,

உங்கள் கடிதத்தை ஸ்டோர் ரூமில், அடுக்கு ரேக்குகளுக்கு நடுவில் நின்று படித்தேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று கேட்காதீர்கள். என் உதவியாளர் வந்து, "மேடம், ஸ்டாக் குறையுதா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

எண் சரியான எண். அதை வைத்துப் பார்த்ததில் இரண்டு கிடைத்தன. ஒன்று உங்களுடையது மாதிரியே வெள்ளி, பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றியது. அதன் எண்ணில் கடைசி எழுத்து மட்டும் வேறு. மாட்டிவிடலாம், ஆனால் டச்பேட் கேபிள் எட்டாமல் இழுத்துப் பிடிக்கும், நாளைக்கே தகராறு செய்யலாம். இன்னொன்று புத்தம் புதுசு. கடைசி எழுத்துவரை எண் ஒத்துப்போகிறது. ஆனால் கறுப்பு. மூடி வெள்ளியும் உள்ளே கறுப்புமாக, வெள்ளைச் சட்டைக்குக் கறுப்பு பட்டன் தைத்த மாதிரிதான் இருக்கும். பரீட்சை நடுவில் டச்பேட் நின்றுவிட்டால் நிறம் வந்து காப்பாற்றுமா? கறுப்பையே எடுத்துவிட்டேன். திட்டுவதென்றால் பரீட்சை முடிந்த பிறகு திட்டுங்கள்.

அந்த டீ டம்ளர் ரிப்பேர்காரரிடம் கொடுக்காதீர்கள், நீங்களே மாட்டுங்கள். பாம்ரெஸ்ட் மாற்றுவது வீடு மாறுவது மாதிரி. பழையதில் இருக்கிற சாமான் எல்லாவற்றையும் கழற்றிப் புதியதில் அதே இடத்தில் குடிவைக்க வேண்டும். மூன்று பக்கம் படம் போட்டு எழுதியிருக்கிறேன். அடி மூடியைத் திறந்ததும், உள்ளே வேறு எந்தத் திருகையும் தொடும் முன் பேட்டரி கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். கழற்றுகிற திருகுகளை வெள்ளைத் துணியில் அது இருந்த இடப்படியே அடுக்கி வையுங்கள். பட்டை கேபிளை ஒருபோதும் பலவந்தம் செய்யாதீர்கள். அதைப் பிடித்திருக்கும் சின்னப் பூட்டைத் தூக்கினால் அதுவே வரும்.

நேற்று பார்சல் கட்டும்போது இவர் எட்டிப் பார்த்தார். எதற்கு என்று நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஒரு சின்னப் பொட்டலத்தை மேஜையில் வைத்து, "இதையும் போடு. அந்தப் பக்கத்துத் திருகு வளைஞ்சிருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சின்னு


ஆகஸ்ட் 15

சின்னு,

நிற்கிறது. டப்பா இல்லாமல் தானாக நிற்கிறது. மாவு டப்பா சமையலறைக்குத் திரும்பிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம், அவர் தூங்கும் நேரம் பார்த்துச் சாப்பாட்டு மேஜையில் வெள்ளைப் படுக்கை விரிப்பைப் போட்டு ஆரம்பித்தேன். கும்பிட்டுவிட்டுப் பேட்டரியைப் பிடுங்கினேன். எல்லாவற்றையும் கழற்றிப் பரப்பி வைத்திருக்கும்போது பின்னால் குரல்.

"என்னடி இது, போஸ்ட்மார்ட்டமா?"

"கிட்ட வராதீங்க. நீங்க தும்மினா திருகெல்லாம் பறந்துடும்."

"வீட்டுக் கணக்குக்கு எதுக்கு இந்தப் பாடு? நோட்டுல எழுதினா ஆகாதா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "வீட்டுக் கணக்குக்கு இல்ல. பரீட்சைக்கு" என்றேன்.

"யாருக்குப் பரீட்சை?"

"எனக்குத்தான். கணக்கர் பரீட்சை. சின்னு இங்க இருந்தப்பவே கட்டினது."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "என்கிட்ட ஏன் சொல்லல?"

"அன்னிக்குத் தம்பிகிட்ட நீங்க போட்ட சத்தம் எனக்கும் சேத்துத்தானே கேட்டுச்சு."

எழுந்து போய்விட்டார். சரி, இன்றைக்குச் சாப்பாடு மௌனம்தான் என்று நினைத்தேன். கையில் டார்ச்சோடு திரும்பி வந்தார்.

டச்பேட் பட்டை கேபிள் உள்ளே போகவே மாட்டேன் என்றது. "தள்ளு, நான் பாக்கறேன்" என்றார். "நீங்க லைட்டைப் பிடிங்க, அது போதும். சின்னு பலவந்தம் பண்ணக்கூடாதுன்னு எழுதியிருக்கா" என்றேன். "அவ எழுதினா வேதவாக்கு, நான் சொன்னா வெத்துவாக்கு" என்று முணுமுணுத்தார். டார்ச் மட்டும் அசையவில்லை.

கடைசியில் கீல். தம்பி கொடுத்த பொட்டலத்தைப் பிரித்தேன். மேலே "இடது கீல், நீளத் திருகு" என்று எழுதியிருந்தது. அவர் அதை வாங்கிப் பார்த்தார். "எழுத்து இன்னும் கோழி கிளறின மாதிரிதான் இருக்கு" என்றார். திருகை என்னிடம் கொடுத்துவிட்டு, காலிப் பொட்டலத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் பார்க்காத மாதிரி திருகைத் திருகிக்கொண்டிருந்தேன்.

கறுப்பு நன்றாகவே இருக்கிறது. திட்டமாட்டேன்.

அக்கா


ஆகஸ்ட் 19

அக்கா,

உங்கள் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். இவர் வேறு ஏதோ செய்வது மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். பொட்டலத்தை மடித்துப் பையில் வைத்த இடம் வந்ததும் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணன் டார்ச் பிடிச்சாரா?" என்று கேட்டார். அந்த இடத்தை மறுபடி படித்தேன்.

பரீட்சைக்கு இரண்டே சொல்கிறேன். தெரியாத கேள்வியோடு சண்டை போடாமல் அடுத்ததற்குப் போங்கள். அன்றைக்குப் பட்டினி விரதம் என்று எதுவும் வேண்டாம், சாப்பிட்டுவிட்டு உட்காருங்கள். எங்கள் இரண்டு பேர் பிரார்த்தனையும் உண்டு. எனக்குத்தான் உங்கள் அளவுக்குச் சாமியிடம் பழக்கம் இல்லை.

சின்னு


செப்டம்பர் 12

சின்னு,

இது உன் கைக்கு வருவதற்குள் தம்பி உன்னிடம் எல்லாம் சொல்லியிருப்பார். அண்ணன் தானாகவே கூப்பிட்டார் என்று அவர் நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். நடந்தது இதுதான், உனக்கு மட்டும்.

பரீட்சை முடிவு இன்று காலை மெயிலில் வந்தது. மெயில் வந்திருப்பதை அவர்தான் முதலில் பார்த்தார். இப்போதெல்லாம் காப்பியோடு வந்து லேப்டாப் பக்கத்தில் உட்காருவது அவருக்கு வழக்கமாகிவிட்டது.

"வந்துடுச்சுடி. திற."

நான் கை வைக்கவில்லை. "சின்னு வரட்டும்" என்றேன்.

"அவ எங்க வருவா?"

"கூப்பிட்டா வருவா."

"அப்ப கூப்பிடு. யாரு வேண்டாங்கறா?"

"நான் கூப்பிட்டா அவ மட்டும் வருவா. நீங்க கூப்பிட்டாத்தான் ரெண்டு பேரும் வருவாங்க."

முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இதென்ன பிடிவாதம்? பாஸா ஃபெயிலான்னு பாக்க ஊரைக் கூட்டணுமா?"

"ஃபெயிலாயிருந்தா எனக்குத் தனியாத் தாங்காதுங்க. பாஸாயிருந்தாலும் தனியாத் தாங்காது" என்றேன். தந்திரமாகத்தான் ஆரம்பித்தேன் சின்னு, ஆனால் அதைச் சொல்லும்போது குரல் நிஜமாகவே உடைந்துவிட்டது.

காப்பி ஆறும்வரை உட்கார்ந்திருந்தார். பிறகு போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனார். நான் கரண்டியோடு படிக்கட்டுக்குக் கீழே நின்றேன். முதலில் மோட்டார் ரிப்பேர், தண்ணீர் வரி என்று ஊர்க்கதை. அப்புறம் வெகுநேரம் சத்தமே இல்லை. வைத்துவிட்டாரோ என்று இரண்டு படி ஏறினேன். அப்போது, "டேய், நான் அன்னிக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாதுடா" என்று கேட்டது. நான் இறங்கி வந்துவிட்டேன். அதற்குமேல் அது நான் கேட்க வேண்டியது இல்லை.

கீழே வந்தவர் முகத்தைக் கழுவினார். துண்டுக்குள் இருந்தே பேசினார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றாங்களாம். நான் சனிக்கிழமையே வரச் சொல்லிட்டேன்."

"சரிங்க."

அப்புறம் சட்டை மாற்றிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, லேப்டாப் மூடியை இரண்டு கையாலும் மெதுவாக இறக்கி மூடினார்.

"நான் இல்லாதப்போ திறந்து பாத்துடாத" என்றார்.

அக்கா